மல்குஸின் காதும் சங்கீதக்காரனின் செவிகளும்: ஒரு கிரேக்கச் சொல்லின் வரலாறு

இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் ஒருவனின் காது வெட்டுண்ட செய்தியை நான்கு சுவிசேஷகரும் எழுதிவைத்துள்ளனர். வெட்டியவர் பேதுரு என்பதும், வெட்டுண்டவன் பெயர் மல்குஸ் என்பதும் யோவான் மட்டும் தரும் விவரங்கள். அது வலது காது என்று லூக்காவும் யோவானும் கூறுகின்றனர். அது குணமாக்கப்பட்டதை லூக்கா ஒருவரே கூறுகிறார். இவ்வேறுபாடுகள் வேத மாணவர் யாவரும் அறிந்தவையே. ஆனால் அந்த ஒரே காதைக் குறிக்கச் சுவிசேஷகர் மூன்று வெவ்வேறு கிரேக்கச் சொற்களை ஆண்டிருக்கின்றனர் என்பது மூலமொழியில் வாசிப்பவருக்கே தென்படும். மாற்கு (14:47) அதனை ‘ஓட்டாரியோன்’ என்கிறார். மத்தேயு (26:51) ‘ஓட்டியோன்’ என்கிறார். லூக்கா 22:50இல் ‘ஊஸ்’ என்று எழுதி, அடுத்த வசனத்திலேயே ‘ஓட்டியோன்’ என்று மாற்றுகிறார். யோவான் 18:10இல் ‘ஓட்டாரியோன்’, 18:26இல் ‘ஓட்டியோன்’. நமது தமிழ் வேதாகமம் இந்த ஆறு இடங்களிலும் காது என்ற ஒரே சொல்லால் பெயர்த்திருக்கிறது. லத்தீன் வுல்காத்தாவும் அவ்வாறே ஆறிடத்தும் ‘அவுரிகுலா’ என்ற ஒரே சொல்லையே இட்டுள்ளது.

இந்தப் பெயர்ப்புகள் எதையேனும் இழந்துவிட்டனவா? இழந்துவிட்டன என்று கருதிய வியாக்கியானிகள் சிலர் உண்டு. ஓட்டியோன், ஓட்டாரியோன் என்பவை வடிவத்தால் ‘சிறு காது’ என்று பொருள்படுவன. ஆகவே பேதுருவின் வாள் அறுத்தது முழுக் காதையன்று, காதின் கீழ்ச்சோணையை மட்டுமே என்பது அவர்கள் கொள்கை. கிரேக்க அகராதியைப் புதிதாகத் திறக்கும் மாணவனுக்கு இது மிகவும் கவர்ச்சியான கண்டுபிடிப்பாகத் தோன்றும்; பிரசங்க மேடைக்கும் எளிதில் ஏறிவிடும். ஆனால் ஒரு சொல்லின் உருவம் வேறு, அது வழங்கிய காலத்தில் அது உணர்த்திய பொருள் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய அச்சொல்லின் வரலாற்றைச் சற்றே பின்தொடர வேண்டும்.

ஊஸ் என்பது கிரேக்கத்தின் பழஞ்சொல். அஃறிணைப்பாலைச் சேர்ந்தது, மூன்றாம் திரிபு வகையில் அடங்குவது. எழுவாயில் ஊஸ் என நிற்கும் இச்சொல் ஆறாம் வேற்றுமையில் ‘ஓட்டோஸ்’ என்றும், பன்மை எழுவாயில் ‘ஓட்டா’ என்றும், நான்காம் வேற்றுமைப் பன்மையில் ‘ஓசின்’ என்றும் மாறும். எழுவாயைக் கேட்டவன் மற்ற வடிவங்களை ஊகித்தறிய முடியாது. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தே பழக வேண்டும். ஏதென்ஸ் நகரத்தில் பிறந்து அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவனுக்கு இது தொல்லையன்று. ஆனால் அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின்னர், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, கிரேக்கம் எகிப்தியர், சீரியர், யூதர் எனப் பலரின் சந்தை மொழியாயிற்று. அத்தகைய பொதுமொழியில் ஓரசைச் சொற்களும் ஒழுங்கற்ற திரிபுகளும் நிலைத்து நிற்பதில்லை. ‘-இயோன்’ என்னும் விகுதியோ எளியது. இரண்டாம் திரிபு வகையில் ஒரு பிசகுமின்றி நடப்பது. ஆதியில் சிறுமையையும் செல்லத்தையும் குறித்த அவ்விகுதி, நாளடைவில் அப்பொருளை இழந்து, சொல்லை வசதியாக்கும் ஒரு கைப்பிடியாக மாத்திரம் எஞ்சிற்று.

இதற்குப் புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே சான்றுகள் மிகுதி. அவற்றுள் மறுக்கவியலாத ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவேன். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து எழும்பும் ஏழு தலை மிருகத்தின் பெயர் ‘தேரியோன்’. அது ‘தேர்’ என்னும் பழஞ்சொல்லின் சிறுமை வடிவமே. உலகமே வியந்து பின்சென்ற அந்த மிருகத்தைச் சிறு பிராணி என்று எந்த வியாக்கியானியும் எழுதத் துணிந்ததில்லை. காதுக்கு மட்டும் வேறு நீதி வழங்குவானேன்?

பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பாகிய செப்துவசிந்தா இன்னும் நேரான சாட்சியைத் தருகிறது. விடுதலை பெற விரும்பாத அடிமையின் காதைக் கதவோடே சேர்த்துக் கம்பியினால் குத்தவேண்டும் என்னும் சட்டம் இரண்டு இடங்களில் வருகிறது. எபிரெய மூலத்தில் இரண்டிலும் காதுக்கு ஒரே சொல். யாத்திராகமம் 21:6ஐக் கிரேக்கமாக்கியவர் ஊஸ் என்று பெயர்த்தார். உபாகமம் 15:17ஐக் கிரேக்கமாக்கியவர் ஓட்டியோன் என்று பெயர்த்தார். கர்த்தர் சாமுவேலின் காதில் ஒரு செய்தியை வெளிப்படுத்தியதைக் கூறும் 1 சாமுவேல் 9:15இலும் ஓட்டியோன் என்றே இருக்கிறது. தேவன் தம் தீர்க்கதரிசியின் காதுச் சோணையோடு பேசினார் என்று யாரும் சொல்லார். ஏசாயா 50ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய தாசன் தன் செவி திறக்கப்பட்டதைக் கூறுமிடத்தில், நான்காம் வசனத்தில் ஓட்டியோனும் ஐந்தாம் வசனத்தில் ஓட்டாவும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் இடையே எவ்விதப் பொருள் வேற்றுமையும் இல்லை.

எனினும், வழக்கைத் தீர்த்துவைக்கும் சாட்சி ஆமோஸ் 3:12 என்பது என் எண்ணம். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் பிடுங்கித் தப்புவிக்கும் மிச்சங்களைத் தீர்க்கதரிசி அங்கே எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று காதின் ஒரு துண்டு. கிரேக்கப் பெயர்ப்பாளர் அதனை ‘லொபோஸ்’ என்னும் சொல்லோடு ஓட்டியோனின் ஆறாம் வேற்றுமையைச் சேர்த்து எழுதினார். லொபோஸ் என்பது காதுமடலையும் சோணையையும் குறிக்கும் உரிய சொல். ஆரோனின் வலது காதுமடலில் இரத்தம் பூசப்படுவதைக் கூறும் யாத்திராகமம் 29:20, லேவியராகமம் 8:23 ஆகிய வசனங்களிலும் அச்சொல்லே வருகிறது. ‘ஓட்டியோனின் லொபோஸ்’ என்று ஒருவர் எழுதக்கூடுமாயின், ஓட்டியோன் முழுக் காதாகவும் லொபோஸ் அதன் உறுப்பாகவும் இருந்தாக வேண்டும். மல்குஸின் சோணையை மட்டும் குறிக்கச் சுவிசேஷகர் விரும்பியிருந்தால், செப்துவசிந்தா வாசகர் நன்கறிந்த அந்தச் சொல் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. நமது தமிழ்ப் பெயர்ப்பாளர்களும் இவ்வேறுபாட்டைப் பேணியிருப்பதைக் கவனிக்கலாம்: லேவியராகமத்தில் மடல், சுவிசேஷங்களில் காது.

ஓட்டாரியோன் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓட்டியோன் சிறுமைப் பொருளை இழந்தபின், சிறுமையையோ செல்லத்தையோ இகழ்ச்சியையோ மீண்டும் உணர்த்த விரும்பியவர்களுக்கு ‘-ஆரியோன்’ என்னும் நீண்ட விகுதி உதவிற்று. ஆகவே மாற்கும் யோவானும் எழுதிய வடிவத்தில் சிறுமையின் சாயல் சற்று மிஞ்சியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அவ்விகுதியும் விரைவில் தேய்ந்தது. நீரோ மன்னன் காலத்தில், அதாவது மாற்கு சுவிசேஷம் உருவான காலத்தை ஒட்டி, லூக்கில்லியுஸ் என்னும் அங்கதக் கவிஞர் அடிபட்டு உருக்குலைந்த ஒரு குத்துச்சண்டைக்காரனைப் பாடினார். அவன் இழந்துவிட்ட முக உறுப்புகளை அவர் வரிசைப்படுத்தும்போது மூக்கு, மோவாய், புருவம் ஆகியவற்றோடு காதுகளையும் சேர்க்கிறார். அங்கே அவர் ஆள்வது ஓட்டாரியோனின் பன்மை வடிவம். குத்துச்சண்டையில் நசுங்கிப்போவது காதே அல்லாமல் சோணை மட்டுமன்று. மாற்கோ சிறுமை விகுதிகளில் இயல்பாகவே விருப்பமுள்ளவர். யவீருவின் மகளும், சீரோபேனிக்கிய ஸ்திரீ பேசும் நாய்க்குட்டிகளும், நாலாயிரம் பேருக்குப் பங்கிடப்பட்ட சிறு மீன்களும், இயேசுவுக்காக ஆயத்தமாய் நின்ற படகும் அவருடைய எழுத்தில் இத்தகைய விகுதிகளோடேயே வருகின்றன. மக்கள் பேச்சின் மணம் அவரிடம் மிகுதி.

மாற்கு சுவிசேஷமே முந்தியது என்பதை ஏற்போர் இங்கு ஒரு சுவையான நிகழ்ச்சியைக் காணலாம். மாற்கின் ஓட்டாரியோனை மத்தேயுவும் விட்டுவிட்டார், லூக்காவும் விட்டுவிட்டார். மத்தேயு பொதுவழக்கான ஓட்டியோனுக்கு வந்தார். லூக்கா செவ்விய ஊஸுக்குத் திரும்பினார். ஆயினும் அடுத்த வசனத்தில் பேச்சுவழக்கு அவரையும் மீறி வந்துவிட்டது. பேசா எனப்படும் பழைய பிரதியில் அந்த இரண்டாம் வசனமே வேறுவிதமாக இருக்கிறது. காது பழைய நிலைக்குத் திரும்பியதை அது கூறும்போது ஊஸ் என்னும் சொல்லே நிற்கிறது. யோவானோ ஒரே அதிகாரத்தில் ஒரே காதை இரு பெயரால் அழைக்கிறார். சொல்லின் பருமனை அளந்து காதின் பருமனை நிர்ணயிக்கப் புகுவோருக்கு யோவான் 18ஆம் அதிகாரம் ஒன்றே போதிய மறுப்பு.

லத்தீனிலும் இதே கதை நடந்தது. ‘அவுரிஸ்’ என்னும் பழஞ்சொல்லின் இடத்தை ‘அவுரிகுலா’ என்னும் சிறுமை வடிவம் பிடித்துக்கொண்டது. ‘ப்ரோபுஸின் பின்னிணைப்பு’ எனப் பெயர்பெற்ற பழைய சொற்பட்டியலில், மக்கள் வாயில் தேய்ந்து வழங்கிய வடிவத்தைக் கடிந்து, அவுரிஸ் என்பதே சரி என்று ஓர் ஆசிரியர் திருத்தியிருக்கிறார். அவருடைய பிரம்புக்கு மொழி அடங்கவில்லை. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மூன்றிலும் காதுக்குரிய இன்றைய சொற்கள் அவர் கடிந்த வடிவத்தின் வழியே பிறந்தவை. கிரேக்கத்திலும் அப்படியே, இன்றைய கிரேக்கர் காதை ‘அஃப்தி’ என்கின்றனர், அது ஓட்டியோனின் பேரப்பிள்ளை.

இவ்வளவும் கூறியபின், காது வெட்டுண்டதற்குச் சமயப் பொருள் எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்துவுக்கு முன் 40ஆம் ஆண்டில் அந்திகோனு, தன் பெரிய தகப்பனும் பிரதான ஆசாரியனுமாகிய இரண்டாம் ஹிர்க்கானுவின் காதுகளைச் சிதைத்தான். உறுப்புக் குறைவுள்ளவன் ஆசாரிய ஊழியம் செய்யலாகாது என்னும் லேவியராகமம் 21ஆம் அதிகாரச் சட்டத்தால் அவன் மீண்டும் அப்பதவிக்கு வரவியலாதபடி செய்வதே நோக்கம் என்று யோசேப்பு எழுதுகிறார். பற்களால் கடித்தான் என்பது அவருடைய ஒரு நூலின் கூற்று. வெட்டினான் என்பது மற்றதன் கூற்று. இந்நிகழ்ச்சியை வைத்து, மல்குஸ் சாதாரண வேலைக்காரனல்லன், பிரதான ஆசாரியனின் பிரதிநிதி. அவன் காதை அறுத்தது ஆலய அதிகாரத்தின் தகுதியையே மறுக்கும் குறிப்புச் செயல் என்று 1989இல் பெனடிக்ட் விவியானோ எழுதினார். அது ஆராயத்தக்க கருத்து. ஆனால் அது நிற்பதும் விழுவதும் சரித்திரச் சான்றுகளால்தான். விகுதியின் துணை அதற்குத் தேவையில்லை.

ஓட்டியோனின் வரலாறு ஒரு வேலைக்காரனின் காதோடு நின்றுவிடுமாயின், இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. எபிரெயர் நிருபத்தின் தலையாய வாதம் ஒன்றும் இச்சொல்லைத் தொட்டு நிற்கிறது.

சங்கீதம் 40:6இன் எபிரெய மூலத்தில், பலியையும் காணிக்கையையும் விரும்பாத தேவன் தனக்குச் செவிகளைத் ‘தோண்டினார்’ என்று சங்கீதக்காரன் பாடுகிறான். ஈசாக்கின் வேலைக்காரர் துரவு வெட்டியதைச் சொல்ல ஆதியாகமம் 26:25 ஆளும் வினைச்சொல் அது. அடிமையின் காதைக் குத்தும் சட்டத்தைச் சிலர் இங்கே கொண்டுவந்து பொருத்துவர். அங்குள்ள வினை வேறு, அங்கே காதும் ஒன்றே. ஆகவே அந்தப் பொருத்தம் நில்லாது. கீழ்ப்படியத்தக்க செவியைத் தேவனே மனிதனுக்குள் திறந்து அமைத்தார் என்பதே நேர்ப்பொருள். எபிரெயர் 10:5இல் இவ்வசனம் கிறிஸ்துவின் வாயில் வைக்கப்படுகையில், செவிகள் இருந்த இடத்தில் சரீரம் இருக்கிறது. ஆசிரியர் அதனைப் பிடித்துக்கொண்டே பத்தாம் வசனத்தில் இயேசு கிறிஸ்துவின் சரீரம் ஒரேதரம் பலியிடப்பட்டதற்கு வருகிறார்.

இம்மாற்றம் எங்கே நேர்ந்தது? ஒரு விளக்கம் எழுத்தரின் கைமேல் பழியைப் போடுகிறது. பழைய பிரதிகள் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதப்பட்டவை. ‘நீர் விரும்பவில்லை’ என்னும் பொருளில் முன்நிற்கும் ‘ஏதெலேசாஸ்’ என்ற வினை சிக்மா எழுத்தில் முடிகிறது. அதை அடுத்து வருவது ஓட்டியோனின் பன்மையாகிய ‘ஓட்டியா’. கண் பிசகிய எழுத்தர் ஒருவர் சிக்மாவை இருமுறை வாசித்து, ‘டௌ’, ‘இயோட்டா’ ஆகிய இரண்டெழுத்துகளை ஒட்டி ‘மூ’ என்று கொண்டால், ‘ஓட்டியா’ என்பது ‘சோமா’ ஆகிவிடும்; சோமா என்றால் சரீரம். பழைய வடிவமாகிய ஓட்டாவில் இயோட்டா கிடையாது. பேச்சுவழக்கின் ஓட்டியா இருந்தால்தான் இப்பிசகுக்கு வழி உண்டு என்பதை வாசகர் கவனிக்க. ஆல்பிரெட் ரால்ஃப்ஸ் 1931இல் வெளியிட்ட சங்கீதப் பதிப்பிலும் 1935இன் செப்துவசிந்தா கைப்பதிப்பிலும் ஓட்டியா என்றே அச்சிட்டார்.

இவ்விளக்கம் கூர்மையானதுதான், ஆயினும் எனக்கு நிறைவு தரவில்லை. வத்திக்கானு, சீனாய், அலெக்சாந்திரியப் பெரும் பிரதிகள் மூன்றும் சோமா என்றே வாசிக்கின்றன. அவை கிறிஸ்தவ எழுத்தரின் கைப்பட்டவை, எபிரெயர் நிருபத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டிருக்கலாம் என்பர், இருக்கலாம். ரால்ஃப்ஸ் சார்ந்து நின்ற முக்கிய சாட்சியோ ‘காலிக்கன்’ எனப்படும் லத்தீன் சங்கீதப் புத்தகம். அது ஓரிகனின் ஆறுபத்தித் தொகுப்பைக் கொண்டு, எபிரெயத்தின் பக்கம் சாய்த்துத் திருத்தப்பட்டது. ஆகவே அதிலுள்ள செவிகள் பழைய செப்துவசிந்தாவின் செவிகள்தாமா என்ற ஐயம் தீராது. மேலும் சங்கீதங்களைக் கிரேக்கமாக்கியவரின் சொல்வழக்கைப் பாருங்கள். 34:15, 115:6, 130:2, 135:17 ஆகிய இடங்களில் பன்மைச் செவிகளுக்கு அவர் எழுதியது பழைய ஓட்டாவே. ஓட்டியோன் அவருக்குத் தெரியாத சொல்லன்று. 18:44இல் அது ஒருமையில் வருகிறது. ஆனால் பன்மையில் அவருடைய கை ஓட்டாவுக்கே செல்கிறது. எழுத்துப் பிசகுக்கு வேண்டியதோ அவர் வழக்கத்துக்கு மாறான ஓட்டியா. இது முடிவான நிரூபணமல்ல. எனினும் தராசை ஒருபுறம் சற்றுத் தாழ்த்துகிறது.

அப்படியானால் சரீரம் எங்கிருந்து வந்தது? ‘தோண்டினீர்’ என்னும் வினையைப் பெயர்ப்பாளர் ‘ஆயத்தப்படுத்தினீர்’ என்று ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். சோமாவா ஓட்டியாவா என்று பூசலிடும் இரு கட்சியாரும் இதை ஒப்புவர். வினையில் அத்தனை உரிமை எடுத்துக்கொண்டவர், பெயர்ச்சொல்லிலும் பகுதியைச் சொல்லி முழுமையைக் கொண்டிருக்கலாம்: செவிகளைத் தோண்டுவது, களிமண்ணிலிருந்து மனித சரீரத்தை உருவாக்கும் வேலையில் ஒரு பகுதி. எஃப். எஃப். ப்ரூஸ் தம் வியாக்கியானத்தில் இவ்வழியே சென்றார். நிருபத்தின் ஆசிரியரே மாற்றினார் என்பது மூன்றாம் வழி. அதே மேற்கோளில் தகனபலியைப் பன்மையாக்கியிருப்பதையும், ‘கேட்கவில்லை’ என்பதைப் ‘பிரியப்படவில்லை’ என்று திருப்பியிருப்பதையும் காட்டி, ஓசை இயைபுக்காக ஆசிரியர் செய்த நயமான மாற்றங்களுள் சோமாவும் ஒன்று என்று கேரன் ஜோப்ஸ் 1991இல் வாதிட்டார். செவிக்கு இனிமையான வாதம். ஆனால் மூன்று பெரும் பிரதிகளிலும் சோமா மட்டும் சங்கீதத்துக்குள் ஏறி, மற்ற மாற்றங்கள் ஏறாமல் நின்றது ஏன் என்பதை அது விளக்க வேண்டும். ப்ரூஸின் வழியே எனக்குக் குறைந்த தடையுள்ளதாகத் தோன்றுகிறது.

இவ்விரு பாடங்களும் திருச்சபையில் அருகருகே வாழ்ந்தன என்பதையும் குறிக்க வேண்டும். அகுஸ்தீன் இச்சங்கீதத்தை விளக்கிப் பிரசங்கித்தபோது, அவர் கையிலிருந்த லத்தீன் சங்கீதத்தில் சரீரம் என்றே இருந்தது. யூதரின் பலிகள் ஒழிந்து கிறிஸ்துவின் சரீரம் வந்ததை அவர் அதிலிருந்தே எடுத்துரைத்தார். அதே தலைமுறையில், பெத்லகேமில் இருந்த எரோனிமு இவ்வசனத்தை இருமுறை லத்தீனாக்கினார். காலிக்கன் சங்கீதத்தில் தேவன் செவிகளை நிறைவாக்கினார் என்றும், பின்னர் எபிரெயத்திலிருந்து நேராகப் பெயர்த்தபோது செவிகளைத் தோண்டினார் என்றும் எழுதினார்.